பழைய சீன நோட்டு (1897–1935): படத்தைப் பார்த்து வாங்குவதா, ஊர்ப் பெயரைப் பார்த்து வாங்குவதா?

#1 பழந்தாள்

வணக்கம். இந்திய, பர்மிய நோட்டுகளோடு நிற்காமல் சீன நோட்டுக்குத் தனி ஆல்பம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். 1949க்குப் பிந்தையவை வேண்டாம். டிராகன், ரயில், கோயில், சீனப் பெருஞ்சுவர் போட்ட பழைய வங்கி நோட்டுகள்தான் குறி. கேள்விகள் மூன்று.

எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று எல்லை வைத்துக்கொள்வது? ஒரே வங்கி, ஒரே படம், ஒரே மதிப்பு, ஒரே ஆண்டு. ஆனால் ஒன்று சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கிறது, இன்னொன்று ஏலத்தில் எகிறுகிறது. ஏன்? விற்பவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் ஏதோ ஒரு ரகசிய அர்த்தம் சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை?

#2 கடல்கடந்தவன்

எல்லை போடுவது சுலபம். சீனர்கள் நடத்திய முதல் நவீன வங்கி 1897ல் ஷாங்காயில் ஷெங் ஷுவான்ஹுவாய் என்ற அரசு அதிகாரி தொடங்கியது. நோட்டின் ஆங்கிலப் பக்கத்தில் இம்பீரியல் பேங்க் ஆஃப் சைனா என்று இருக்கும். முதல் வரிசையில் 1898 ஜனவரி 22 என்று தேதி, அச்சு லண்டன் பார்க்ளே அண்ட் ஃப்ரை. அங்கே தொடங்குங்கள். முடிவு 1935 நவம்பர் 4. அன்றைக்கு வெள்ளியை அரசு எடுத்துக்கொண்டது. சென்ட்ரல் பேங்க், பேங்க் ஆஃப் சைனா, பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் மூன்றின் நோட்டு மட்டுமே சட்டப்படி செல்லும் என்று ஆனது (விவசாயிகள் வங்கி கொஞ்சம் பின்னால் சேர்ந்தது). அதுவரை நோட்டு என்பது வெள்ளி டாலருக்கான ரசீது. அதற்கப்புறம் வந்தது வெறும் காகிதப் பணம். சேகரிப்புக்கு இரண்டும் இரண்டு உலகம், கலக்காதீர்கள்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம் ஊர். சீன வங்கிகள் பெரும்பாலும் ஒரே தகட்டில் அச்சடித்து, ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் ஊர்ப் பெயரை மேலே அச்சேற்றின. ஷாங்காய், டியென்ட்சின், ஹாங்கோ, பீக்கிங், ஹார்பின், அமோய், ஷாண்டுங், குவாங்டுங் என்று போகும். பல நோட்டுகளின் ஆங்கிலப் பக்கத்தில் 'இங்குள்ள எங்கள் அலுவலகத்தில் கேட்டவுடன் கொடுப்போம்' என்ற வாசகம் இருக்கும். அந்த 'இங்கு' எது என்பதைச் சொல்வது ஓவர்பிரிண்ட்தான். ஹார்பின் நோட்டை ஷாங்காய்க் கிளையில் நீட்டினால் முழு வெள்ளி தரவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, தள்ளுபடியில்தான் மாறும். ஷாங்காய் நோட்டு லட்சக்கணக்கில் வெளியானது. சிறு கிளையின் நோட்டு கொஞ்சம்தான் வந்தது, வந்ததும் திரும்பப் பெற்று எரிக்கப்பட்டது. விலை அங்கேதான் பிரிகிறது.

#3 ஏட்டுச்சுவடி

ஊர்ப் பெயரின் கனத்தைப் புரிந்துகொள்ள 1916 மே 12ஐப் பார்க்கவேண்டும். அன்றைய குடியரசுத் தலைவர் யுவான் ஷிகாயின் அரசாங்கத்துக்குப் பணமுடை. பேங்க் ஆஃப் சைனாவும் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸும் நோட்டுக்கு வெள்ளி கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்று பீக்கிங்கிலிருந்து உத்தரவு போனது. பேங்க் ஆஃப் சைனாவின் ஷாங்காய்க் கிளையில் இருந்த சொங் ஹான்சாங்கும் சாங் ஜியாஅவும் உத்தரவை ஏற்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளியை எண்ணிக் கொடுத்தார்கள். சில நாளில் கூட்டம் வடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் ஷாங்காய் என்று போட்ட பேங்க் ஆஃப் சைனா நோட்டு முழு மதிப்புக்கு ஓடியது. அதே வங்கியின் பீக்கிங் நோட்டு சந்தையில் தள்ளுபடிக்குப் போனது.

ஆகவே இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரலாறு முழுக்க அந்த இரண்டு எழுத்து ஓவர்பிரிண்டில் இருக்கிறது. படம் இரண்டிலும் ஒன்றுதான்.

#4 சில்லறை

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்க. 'டாலர்' என்று போட்டிருந்தால் எல்லாம் ஒரே டாலர் இல்லை. பெரிய வெள்ளி, சின்ன வெள்ளி என்று இரண்டு கணக்கு இருந்தது. பெரிய வெள்ளி என்றால் முழு வெள்ளி டாலர் நாணயம். சின்ன வெள்ளி என்றால் 10, 20 சென்ட் காசுகள். அவற்றில் வெள்ளியின் தரம் குறைவு. கான்டனிலும் (குவாங்டுங் மாகாணத் தலைநகர்) மஞ்சூரியாவிலும் நிறைய நோட்டு சின்ன வெள்ளிக் கணக்கில்தான் வந்தது. 1918 தேதியிட்ட குவாங்டுங் மாகாண வங்கி நோட்டு இந்த வகை. சின்ன வெள்ளியில் ஒரு டாலர், பெரிய வெள்ளி டாலருக்குக் குறைவு.

இது தவிர டேல் கணக்கும் ஓடியது. டேல் என்பது எடை. அதுவும் ஊருக்கு ஊர் மாறும். இம்பீரியல் பேங்க் ஆரம்பத்தில் டாலருக்கும் டேலுக்கும் தனித்தனியாக நோட்டு போட்டது அதனால்தான். கையில் வாங்கும்போது மதிப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த நாணயம் என்று போட்டிருக்கிறது என்பதைப் படித்துக் காட்டச் சொல்லுங்க.

#5 பழந்தாள்

சீன எழுத்து எனக்கு ஒன்றுகூடத் தெரியாதே. எவ்வளவு கற்றால் போதும்?

#6 கடல்கடந்தவன்

நூறு எழுத்துக்குள் முடிந்துவிடும். முதலில் எண்கள். நோட்டில் வருவது தினசரி எண்கள் அல்ல, திருத்த முடியாதபடி கோடுகள் கூடிய முறையான வடிவம். அதில் 1, 5, 10, 50, 100 தெரிந்தால் போதும். அப்புறம் ஊர்ப் பெயர்கள் இருபது. பிறகு 'வங்கி', 'யுவான்', 'ஆண்டு', 'மாதம்', 'நாள்'.

படிக்கும் திசை வலமிருந்து இடம். பெயர் தலைகீழாகத் தெரிகிறதே என்று குழம்பி, போலி என்று ஒதுக்கியவர்கள் உண்டு!

ஆண்டு மூன்று விதமாக வரும். குவாங்ஷு ஆட்சி ஆண்டு என்றால் 1874ஐக் கூட்டுங்கள்: குவாங்ஷு 33 என்றால் 1907. சுவான்தோங் என்றால் 1908ஐக் கூட்டுங்கள். அது மூன்றே வருடம். குடியரசு ஆண்டு என்றால் 1911ஐக் கூட்டுங்கள்: குடியரசு 3 என்றால் 1914. ஆனால் இந்தத் தேதி வடிவமைப்பின் தேதி. அச்சடித்த தேதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸின் 1914 வரிசை அதே தேதியோடு பல வருடம் திரும்பத் திரும்ப அச்சானது. எந்தச் சமயத்து அச்சு என்பதைக் கையெழுத்து, சீரியல் எண்ணின் நிறம், முன்னால் பின்னால் வரும் எழுத்துகள் வைத்துத்தான் பிரிக்கவேண்டும். பிக் பட்டியலில் (சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் உலக நோட்டு அட்டவணை) ஒரே எண்ணுக்குக் கீழே ஏ, பி, சி என்று நீண்டு போவது இதற்காகத்தான்.

#7 நுண்ணோக்கி

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். படத்தின் அர்த்தம் பேசும் முன்னால் யார் அச்சடித்தது என்று பாருங்கள். நியூயார்க் அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி (இனி ஏபிஎன்சி), லண்டன் வாட்டர்லோ, பிராட்பரி வில்கின்சன், டி லா ரூ, ஷாங்காய் கமர்ஷியல் பிரஸ், பீக்கிங் அரசு அச்சகம் என்று பெயர் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் இருக்கும்.

வெளிநாட்டு அச்சகங்களிடம் செதுக்கி வைத்த படங்கள் குவியலாக இருக்கும். ஓரத்து கில்லோஷ் வலைப்பின்னல், மூலை ரோஜா, பின்பக்கத்துச் சுருள்கள் எல்லாம் பெரு, மெக்சிகோ நோட்டிலும் அதே பாணியில் வரும். அதில் சீனத் தத்துவம் தேடுவது வீண் வேலை. வாடிக்கையாளர் கேட்டுச் செதுக்க வைத்த மையப்படம்தான் பேசும்.

#8 ஏட்டுச்சுவடி

நுண்ணோக்கி சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மையப்படங்கள் பேசுவதை வரிசையாகப் பார்க்கலாம்.

மஞ்சு அரசின் (சீனாவின் கடைசி அரச வம்சம்) காலத்து நோட்டில் டிராகன் அலங்காரம் மட்டும் இல்லை, அரசு முத்திரை. 1905ல் தொடங்கிய வருவாய்த்துறை வங்கி 1908ல் தாச்சிங் வங்கி என்று பெயர் மாறியது. அதற்கென்று பீக்கிங்கில் எஃகுத்தகடு அச்சகம் அமைக்க அமெரிக்காவிலிருந்து லொரென்சோ ஹாட்ச் என்ற செதுக்கோவியர் அழைத்துவரப்பட்டார். அவர் மேற்பார்வையில் உருவான வரிசையில் ஒருபக்கம் அரசப் பிரதிநிதி இளவரசர் ச்சுன் (குழந்தைப் பேரரசர் பூயியின் அப்பா), கூடவே மேகத்தில் டிராகன், 10 டாலரில் பெருஞ்சுவர். நோட்டு புழக்கத்துக்குத் தயாராகும்போது 1911 புரட்சி வந்து ஆட்சியே போய்விட்டது. அதனால் இன்று ஏலத்தில் வருவது பெரும்பாலும் வெளியிடப்படாத பிரதிகளும் மாதிரிகளும்.

புரட்சிக்குப் பின் டிராகன் போய் கொடிகள் வந்தன. 1912 ராணுவ நோட்டுகளில் இரண்டு கொடி குறுக்காக நிற்கும்: ஐந்து நிறக் கொடி ஒன்று, பதினெட்டு நட்சத்திரக் கொடி இன்னொன்று. ஐந்து நிறம் ஹான், மஞ்சு, மங்கோலியர், ஹுயி (முஸ்லிம்கள்), திபெத்தியர் என்ற ஐந்து மக்களைக் குறிக்கும். பதினெட்டு நட்சத்திரம், 1911 புரட்சியைத் தொடங்கிவைத்த ஊச்சாங் எழுச்சியின் கொடி.

பேங்க் ஆஃப் சைனா 1912ல் என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். கையில் இருந்த தாச்சிங் நோட்டுகளின் மேல், மஞ்சு அரசின் அமைச்சர் லி ஹொங்சாங் படத்தோடேயே, புதுப் பெயரை அச்சேற்றி விட்டார்கள். பிறகு தங்கள் சொந்த நோட்டு வந்தபோது இடப்பக்கத்தில் ஹுவாங் டி, அதாவது தொன்மத்தின் மஞ்சள் பேரரசர். ஹான் மக்களின் மூதாதை என்று போற்றப்படுபவர். புரட்சி அரசுகள் 1911ஐ ஹுவாங் டி ஆண்டு 4609 என்று எண்ணின. மஞ்சு அரசரை இறக்கிவிட்ட குடியரசு, தன் முதல் சொந்த நோட்டில் ஹுவாங் டியைக் கொண்டுவந்து உட்காரவைத்தது தற்செயல் இல்லை.

#9 சில்லறை

பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் 1914ஐ விட்டுட்டீங்களே சார். எனக்கு அதுதான் மொத்த வரிசையிலும் யோக்கியமான நோட்டு. அந்த வங்கி 1908ல் தபால், ரயில், தந்தி, கப்பல் துறையின் வங்கியாகத் தொடங்கியது. பீக்கிங்–ஹாங்கோ ரயில் பாதையை பெல்ஜியக் கடனிலிருந்து மீட்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. 1 யுவானில் மின் மோட்டார், 5ல் பள்ளத்தாக்கில் வரும் பயணிகள் ரயில், 10ல் ஷாங்காய் சுங்க மாளிகையும் தெருவில் டிராமும், 50ல் மலைப்பாதையில் சரக்கு ரயில், 100ல் கப்பல். அந்தத் துறை என்ன செய்ததோ அதுதான் படம். பூ இல்லை, சாமி இல்லை.

#10 கடல்கடந்தவன்

அந்த 10 யுவானில் இன்னொரு நுணுக்கம். படத்தில் இருப்பது 1893ல் கட்டிய செங்கல் சுங்க மாளிகை, மணிக்கூண்டோடு. இன்று ஷாங்காயின் ஆற்றங்கரைத் தெருவான பண்டில் நிற்கும் கட்டடம் 1927ல் வந்தது. 1930 தேதியிட்ட சென்ட்ரல் பேங்கின் சுங்கத் தங்க அலகு நோட்டின் பின்பக்கத்தில் இருப்பது புதியது. (அந்த நோட்டு உயரவாட்டில் இருக்கும், முன்னால் குடியரசின் நிறுவனர் சுன் யாட்சென். ஒரு அலகு 0.601866 கிராம் தங்கம் என்பது தொடக்க மதிப்பு.) இரண்டையும் ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்தால் ஒரே இடத்தின் இரண்டு கட்டடம் கிடைக்கும். இரண்டுமே மலிவான நோட்டு.

படத்துக்காகவே வாங்கத்தக்கது என்றால் சைனா அண்ட் சவுத் ஸீ பேங்க். ஜாவாவின் செமாராங்கில் சர்க்கரை வணிகம் செய்து திரும்பிய ஹுவாங் யிச்சு 1921ல் ஷாங்காயில் தொடங்கியது. பெயரில் உள்ள தென்கடல் நம் மலாயா, ஜாவா பக்கம்தான். அதன் 1921 வரிசையின் 50 யுவானில் ஐந்து பெண்கள், ஐந்து மக்களின் உடையில். கொடியில் நிறமாக இருந்ததை முகமாக மாற்றியிருக்கிறார்கள். அசல் புழக்க நோட்டு அரிது. மாதிரி நோட்டுக்கே போட்டி அதிகம்.

#11 பழந்தாள்

வௌவால், பீச் பழம், அலை, நாணயம் என்று ஓரத்தில் வருபவை?

#12 ஏட்டுச்சுவடி

இது சீன அச்சகத்து நோட்டிலும், அதைவிட அதிகமாக ஊர்க் கடைகளும் பழைய சீட்டு வங்கிகளும் (பழைய பாணி உள்ளூர் வங்கிகள்) வெளியிட்ட செம்புக்காசு நோட்டிலும் வரும். வௌவாலுக்கும் நற்பேறுக்கும் சீனத்தில் ஒரே ஒலி, அதனால் ஐந்து வௌவால் என்றால் ஐந்து பேறு. பீச் பழமும் கொக்கும் நீண்ட ஆயுள். கீழ் விளிம்பில் சாய்கோடுகளும் அலையும் மலைமுகடும் சேர்ந்து வந்தால் அது அரசவை அங்கியின் கீழ்க்கரை வடிவம். அரச காலத்துப் பழக்கம். செல்வக் கடவுள் இம்பீரியல் பேங்கின் பிந்தைய நோட்டில் நிற்பார். அந்த வங்கி ஆரம்ப வரிசை 1903ல் கள்ள நோட்டில் மாட்டிக் கொண்டபின் வடிவத்தை மாற்றவேண்டி வந்தது.

கடை நோட்டுகளின் சட்டகத்துக்குள் எட்டு சித்தர்கள், இருபத்துநான்கு பிள்ளைப்பாசக் கதைகள், மூன்று ராஜ்ஜியக் கதைக் காட்சிகள் எல்லாம் மரக்கட்டையில் செதுக்கியிருக்கும். இடைவெளியில் பொடி எழுத்தில் ஓர் அறவுரையோ செய்யுளோ முழுதாக ஓடும். அழகுக்கும் ஆச்சு, கள்ள அச்சுக்காரனுக்கு வேலையும் ஆச்சு. ஓர் எழுத்து மாறினாலும் கடைக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.

வெளிநாட்டு வங்கி நோட்டில் சின்னம் நேரடியானது. ஷாங்காய், சிங்டாவ், ஹாங்கோ என்று நோட்டு போட்ட டாய்ச்–ஆசியாடிஷே என்ற ஜெர்மன் வங்கியின் நோட்டில் ஜெர்மானியா (ஜெர்மனியின் உருவகப் பெண்) ஈட்டியோடு நிற்பாள். யார் பலம் என்று விளக்கம் வேண்டாம்.

#13 வடபழனி_ஆல்பம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பேங்க் ஆஃப் கம்யூனிகேஷன்ஸ் 5 யுவான் ஒன்று, அரிதான ஊர் என்று சொல்லி விலை பேசுகிறார்கள். ஊர்ப் பெயர் அசலா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது? போலியாக ஊர் சேர்ப்பார்கள் என்று கேள்வி.

#14 நுண்ணோக்கி

சேர்ப்பார்கள். மலிவான ஷாங்காய் நோட்டில் ஊரைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு ஊரை ஏற்றுவது ஒரு வகை. ஊர் இல்லாத மிச்ச நோட்டில் புதிதாக ஏற்றுவது இன்னொரு வகை.

தேவை: 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி), ஒரு சின்ன டார்ச், 365 நானோமீட்டர் யூவி விளக்கு. செய்யும் முறை:

நோட்டைக் கருப்பு அட்டையில் தட்டையாக வையுங்கள். டார்ச்சை மேசையோடு ஒட்டி, கிட்டத்தட்ட படுத்த கோணத்தில் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். நடு மடிப்பு எங்கே ஊர் எழுத்தைக் கடக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் மட்டும் லூப் வையுங்கள். ஊர் அசலானால் நோட்டு வங்கியை விட்டு வெளியே போகும் முன்பே அந்த மை காகிதத்தில் இருந்தது; மடிப்பு பிறகுதான் வந்தது. ஆகவே மடிப்பின் முகட்டில் மை உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நார் எட்டிப்பார்க்கும். அடிப்படை அச்சு எந்த அளவு தேய்ந்திருக்கிறதோ ஊர் எழுத்தும் அதே அளவு தேய்ந்திருக்கும். பின்னால் ஏற்றியது என்றால் நேர் எதிர்: மை பள்ளத்துக்குள் இறங்கி, உடைந்த நாரின் மேலேயே நிறம் பிடித்திருக்கும், சில இடத்தில் நார் வழியாகக் கசிந்து மயிர்போல ஓரம் விடும். மடிப்பு தேய்ந்து, ஊர் மட்டும் பளபள என்று முழுசாக இருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து சுரண்டல். அதே சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்தைச் சுற்றிக் காகிதம் பஞ்சு எழும்பியிருக்கும். பின்னாலிருந்து வெளிச்சம் காட்டினால் அந்தச் செவ்வகம் மெல்லிசாகத் தெரியும். அடியில் இருக்கும் வலைக்கோடுகள் அங்கே மட்டும் மங்கும்.

மூன்றாவது சரிபார்ப்பு சீரியல். ஏபிஎன்சி கிளைக்குக் கிளை தனி எண் வரிசையும் எழுத்தும் ஒதுக்கியது. ஏலத்தில் விற்ற, படம் பதிவான பிரதிகளின் எண்களை அந்த ஊருக்கென்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். உங்கள் எண் ஷாங்காய் வரிசையில் விழுந்து ஊர் வேறு என்றால் பேச்சை முடித்துவிடலாம். ஆங்கிலப் பக்கத்து ஊரும் சீனப் பக்கத்து ஊரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். சோம்பேறிப் போலிக்காரர்கள் ஒரு பக்கத்தை மறந்துவிடுவது உண்டு.

#15 வடபழனி_ஆல்பம்

ஊர்ப் பெயர் தவிர, மூலையில் பொடியாக ஆங்கில எழுத்தும் சீன எழுத்தும் தனி நிறத்தில் இருக்கிறது. கடைக்காரர் குத்திய சீலா? மதிப்பு குறையுமா?

#16 கடல்கடந்தவன்

அச்சு நேர்த்தியாக, இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருந்தால் சீல் இல்லை தம்பி. 1910களின் நடுவிலிருந்து, சொந்த நோட்டு போடாத வங்கிகளும் சீட்டு வங்கிகளும் பெரிய வங்கியிடம் ஈடு வைத்து அதன் நோட்டையே வாங்கிப் புழக்கத்தில் விட்டன. எந்த நோட்டு யார் எடுத்துப்போனது என்று திரும்பி வரும்போது தெரிய வேண்டுமே, அதற்கான அடையாளம்தான் இது. அப்படியிருந்தால் மதிப்பு குறையாது. சில அடையாளங்களுக்கே தனியாக ஆள் தேடுகிறார்கள்.

கடைக்காரர் முத்திரை வேறு. கையால் குத்தியது, சாய்ந்திருக்கும், எண்ணெய் ஓரத்தில் பரவியிருக்கும், பின்பக்கம் ஊறியிருக்கும். கான்டன் பக்க நோட்டில் ஏராளம். கிரேடிங்கில் (தரமதிப்பீட்டில்) குறைப்பார்கள். ஆனால் நோட்டு உண்மையில் கை மாறியதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நான் அதை அழுக்கு என்று சொல்லமாட்டேன்.

#17 சில்லறை

போலி பற்றிப் பேசும்போது முழுப் போலியையும் சொல்லிடுங்க. ஊர் மாற்றுவது பெரிய ஆள் வேலை. நம்மாட்கள் அதிகம் ஏமாறுவது முழு நகலில்.

#18 நுண்ணோக்கி

சரி. எஃகுத்தகடு செதுக்கு அச்சில் மை காகிதத்துக்கு மேலே நிற்கும். முகத்தின் நிழல் கோடுகளாகவே இருக்கும். கோடு தடித்து மெலிந்து போகும், குறுக்குக் கோட்டுக்கு நடுவே சின்னப் புள்ளி வைத்திருப்பார்கள். நகலில் அந்த நிழல் பல வண்ணப் பூப்புள்ளிகளாக உடையும். லூப்பில் ஒரு வினாடி போதும். லேசர் நகலில் எழுத்தோரத்தில் தூள் சிதறலும் மெழுகுப் பளபளப்பும்.

சீரியல் எண் எழுத்தச்சு. அசலில் எண்ணின் விளிம்பில் மை சற்றே ஒதுங்கித் தடித்திருக்கும், பின்பக்கம் தடவினால் அழுத்தம் தெரியும். நகலில் எண் மற்ற அச்சோடு ஒரே மட்டத்தில் இருக்கும்.

ஏபிஎன்சி காகிதத்தில் சின்னச் சின்ன வண்ணப் பொட்டுகள் கலந்திருக்கும். அவை கூழிலேயே போட்டவை; ஒன்று மேலே, ஒன்று பாதி புதைந்து, ஒன்று உதிர்ந்து குழியாக. போலியில் பொட்டும் அச்சடித்ததுதான், எல்லாம் ஒரே மட்டம்.

யூவி: பழைய காகிதம் மங்கலாக இருக்கும். நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெளுப்பான் கலந்த பிற்காலக் காகிதம். ஒரு விதிவிலக்கு உண்டு. சலவைத்தூளில் கழுவிய அசல் நோட்டும் ஒளிரும். ஆகவே யூவி ஒன்றை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒளிர்ந்தால் ஒன்று போலி, இல்லை கழுவியது. இரண்டிலுமே கேட்கிற விலை கொடுக்க வேண்டியதில்லை.

துணி நோட்டுகளுக்குத் தனி எச்சரிக்கை. 1933 சிச்சுவான்–ஷென்ஸி சோவியத்தின் (கம்யூனிஸ்டுகளின் ஆட்சிப்பகுதி) துணி நோட்டு மிக அதிகமாகப் போலியாகிறது. பழைய துணி கிடைப்பது சிரமமில்லை, மரக்கட்டையும் சிரமமில்லை. சான்றுக் கூட்டில் (தரம் பார்க்கும் நிறுவனம் மூடித் தரும் பிளாஸ்டிக் உறை) இல்லாததை வாங்கவேண்டாம்.

#19 பழந்தாள்

கூட்டுக்குள் இருக்கும் நோட்டு மட்டுமே வாங்கு என்று சிலர், அது தேவையில்லை என்று சிலர். உங்கள் கருத்து?

#20 சில்லறை

மலிவு நோட்டுக்குக் கூடு வாங்குறது, நோட்டை விடக் கூட்டுக்குக் காசு கட்டுறது. ஷாங்காய் 5, 10 யுவான், சென்ட்ரல் பேங்க் 1928 பத்து டாலர், 1918 குவாங்டுங் எல்லாம் கையில் தொட்டுப் பார்த்து, செதுக்கு அச்சைப் பழகிக்கொள்ள வேண்டிய நோட்டுகள். கூட்டுக்குள் இருந்தால் விரல் எதையும் கற்காது.

#21 கடல்கடந்தவன்

அரிய ஊர், 1912க்கு முந்தைய டிராகன், சோவியத் துணி: இவற்றுக்குக் கூடு அவசியம். மற்றதற்குத் தேவையில்லை.

கூட்டின் எண்ணைப் படிக்கும்போது இரண்டு விஷயம். தரம் பார்க்கும் நிறுவனமான பிஎம்ஜியின் அளவு 70 வரை. 65ம் அதற்கு மேலும் வர ஈபிகியூ என்ற இயற்கைக் காகிதக் குறி இருந்தாக வேண்டும். 58 என்றால் வடிவத்தைக் கடக்கும் ஒரே ஒரு மடிப்பு. ஆனால் எண்ணைவிடப் பின்பக்கக் குறிப்புதான் முக்கியம்: ஊசித்துளை, துரு, பழைய ஒட்டு, விளிம்பு வெட்டு, மையால் திருத்தியது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். விற்பவர் படத்தில் முன்பக்கத்தை மட்டும் காட்டினால் பின்பக்கம் கேளுங்கள்.

மாதிரி நோட்டு பற்றியும் சொல்லவேண்டும். ஏபிஎன்சியின் காப்பகம் 1990ல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. சிவப்பில் ஸ்பெசிமென் என்று அச்சேற்றி, கையெழுத்து இடத்தில் துளையிட்டு, எண் இடத்தில் வரிசையாகப் பூஜ்யம் போட்ட தாள்கள் அப்படித்தான் சந்தைக்கு வந்தன. சில வரிசைகளில் புழங்கிய நோட்டு கிடைப்பதைவிட மாதிரி கிடைப்பது எளிது. படத்துக்காகச் சேர்ப்பவருக்கு மாதிரிதான் நல்ல வழி. மடிப்பில்லாமல் முழு வண்ணமும் இருக்கும். ஊருக்காகச் சேர்ப்பவருக்கு அது பாதிச் சாப்பாடு.

#22 வடபழனி_ஆல்பம்

நோட்டு அழுக்காக இருக்கிறது. தண்ணீரில் நனைத்து, தாளுக்கு நடுவே அமுக்கி...

#23 நுண்ணோக்கி

வேண்டாம். நனைத்தால் காகிதத்தின் பசை போகும், செதுக்கு மையின் புடைப்பு அமுங்கும், சிவப்பு முத்திரை மை பல நோட்டில் பரவும். அமுக்கிய நோட்டு சாய்ந்த வெளிச்சத்தில் உடனே காட்டிக்கொடுக்கும்: மடிப்பு கோடாகத் தெரியும், ஆனால் மேடு பள்ளம் இராது, சீரியல் எண்ணின் அழுத்தமும் தட்டையாகியிருக்கும். தூசியை மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து விளிம்புக்குத் தட்டிவிடுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். செல்லோடேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், அச்சு அதோடு வரும்.

#24 பழந்தாள்

சென்னை ஈரத்துக்கு எப்படி வைப்பது? அந்துருண்டை போடலாமா?

#25 கடல்கடந்தவன்

அந்துருண்டை கூடாது. ஆவி காகிதத்திலும் பிளாஸ்டிக்கிலும் படியும். பிவிசி உறையும் கூடாது. அதன் மென்மையாக்கி எண்ணெய் நாளடைவில் கசிந்து நோட்டில் ஒட்டும். உறையை முகர்ந்தால் புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பிவிசி. பாலியஸ்டர் உறை வாங்குங்கள், மைலார் என்று கேட்டால் கொடுப்பார்கள். நோட்டைவிட எல்லாப் பக்கமும் சில மில்லிமீட்டர் பெரிய அளவு. இறுக்கமாக இருந்தால் மூலை மடங்கும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கேமரா வைக்கும் டிரை கேபினெட் இதற்குச் சரியானது, ஆனால் கேமரா அளவான 35க்கு இறக்காதீர்கள். பழைய காகிதம் மொறமொறத்து மடிப்பில் விரியும். கேபினெட் இல்லையென்றால் மூடி இறுகும் பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. ஜெல் நோட்டைத் தொடக்கூடாது. பெட்டியை வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர்தான் முதலில் ஊறும். பழுப்புப் புள்ளி விழுந்த நோட்டு புதிதாக வந்தால் மற்றவற்றோடு சேர்க்காமல் கொஞ்ச நாள் தனி உறையில் வைத்துப் பாருங்கள்.

#26 பழந்தாள்

நன்றி. முதல் ஐந்து நோட்டு இப்படித் தீர்மானித்திருக்கிறேன்: கம்யூனிகேஷன்ஸ் 1914ல் ஷாங்காய் 5, ஷாங்காய் 10, அதே 10ல் டியென்ட்சின் ஒன்று, குவாங்டுங் 1918 ஒரு டாலர், சுங்கத் தங்க அலகு 1930. டிராகன் பிறகு.

#27 சில்லறை

நல்ல பட்டியல். குவாங்டுங்கில் பின்பக்கம் முத்திரை குத்தியதாகவே பார்த்து எடுங்க, விலையும் குறையும். டியென்ட்சின் வந்ததும் மடிப்பில் ஊர் எழுத்தை லூப்பில் படம் எடுத்து இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றோம்.